மாட்டைப் பாத்துதான் சால் கட்டணும்

பட்டணத்துல இருக்குற நம்ம பிள்ளைங்க ஊருக்குப் போன் பண்ணுனா கேக்குற கேள்வி ரெண்டு. மழை உண்டா? மோட்டார் நல்லா ஓடுதா? ரெண்டாவது கேள்விக்கு, "தண்ணி கம்மியா வருதுப்பா"ன்னு சொல்லிட்டா போதும். "அந்தப் பழைய மோட்டாரைத் தூக்கிப் போட்டுட்டு பெருசா ஒண்ணு வாங்குங்க, பணம் அனுப்புறேன்"னு உடனே பதில் வந்துடும். பாசத்துல சொல்றதுதான், குத்தம் சொல்ல முடியாது. ஆனா அந்தப் பாசம் எங்க பக்கம் நெறைய கிணத்துல காயிலைக் கருக்கியிருக்கு. அதனாலதான் இதை எழுதுறேன்.

என் கட்சியை முதல்லயே சொல்லிடுறேன். பழைய மோட்டார்ல தண்ணி குறைஞ்சா, மோட்டாரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி அது முனையில சுத்துற இம்பெல்லரைக் கழட்டிப் பாக்கணும். அது தேஞ்சிருந்தா வேற மாத்தணும். மாத்தும்போது கடைக்காரர் காட்டுற பெரிய சைஸை வாங்கக் கூடாது. அந்த மோட்டாருக்கு இன்னைக்கு என்ன தெம்பு இருக்கு, கிணத்துல தண்ணி இன்னைக்கு எவ்வளவு ஆழத்துல கெடக்கு, இந்த ரெண்டையும் அளந்து பாத்துட்டு அதுக்குப் பொருந்துறதைத்தான் வாங்கணும்.

இம்பெல்லர்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு: உங்க அபார்ட்மெண்ட்ல கீழ்த்தொட்டித் தண்ணியை மாடிக்கு ஏத்துற மோட்டார்லயும் இதுதான் இருக்கு. உள்ளங்கை அகலமோ, அதைவிடக் கொஞ்சம் பெருசாவோ ஒரு சக்கரம். உள்ளே வளைஞ்ச தகடுங்க இருக்கும். நடுக்கண் வழியா தண்ணியை இழுத்து, சுத்துற வேகத்துல ஓரத்துக்கு வீசும். அந்த வீச்சுதான் தண்ணியைக் குழாய்ல மேல ஏத்துது. மோட்டார் வேலை அந்தச் சக்கரத்தைச் சுத்தி விடுறது மட்டும்தான். எங்க ஊர்ல இதை 'பேன்'னும் சொல்லுவாங்க.

எங்க தாத்தா காலத்துல கவலை ஓட்டுனாங்க. ரெண்டு மாடு சரிவுல இறங்க, சால் நெறைய தண்ணி மேல வரும். எங்க வீட்டுல ரெண்டு சால் இருந்துச்சாம், ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. வாலிப மாடு பூட்டுனா பெரிய சால். மாட்டுக்கு வயசு ஆயிடுச்சின்னா சின்ன சால். நடை ரெண்டு கூடும், ஆனா மாடு படுக்காது. கிழட்டு மாட்டுக்குப் பெரிய சாலைக் கட்டிட்டு "தண்ணி வரலையே"ன்னு சாட்டையை எடுக்குறவனை ஊர்ல நாலு பேர் திட்டுவாங்க. மாட்டோட வாயில நுரை தெரியும், கண்ணுல தண்ணி தெரியும். மோட்டாருக்கு அது தெரியாது. அதுக்குத்தான் ஆம்ப்ஸ் மீட்டர்னு ஒண்ணு இருக்கு. அதை யாரும் பாக்குறது இல்ல.

என் கிணத்துக் கதையையே எடுத்துக்கலாம். அறுபதடி கிணறு, முப்பத்தஞ்சடியில ஒரு மேடை, மேடையில கோயம்புத்தூர்ல செஞ்ச 5 எச்.பி. மோனோபிளாக். வாங்கி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, ரெண்டு தடவை காயில் கட்டியாச்சு. கோயம்புத்தூரை இளப்பமா நெனைக்காதீங்க. 1937-லயே ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து நம்ம நாட்டுல மின்மோட்டார் செஞ்சு காட்டுன ஊரு அது. அந்தக் கைப்பழக்கம் இன்னும் போகலை. இந்த மோட்டாரோட வார்ப்பு இன்னமும் கல்லாட்டம் இருக்கு. ஒரு ஏக்கர் நெல்லு முன்ன அஞ்சு மணி நேரத்துல பாயும். போன கோடையில ஏழு மணி நேரம் ஆச்சு. மும்முனை கரண்ட் வர்ற நேரத்துக்குள்ள மடை முழுக்கப் பாயலைன்னா, கடைசி ரெண்டு பாத்தி காஞ்சிதான் கெடக்கும்.

தண்ணி குறைஞ்சா இம்பெல்லர்தான்னு எடுத்த எடுப்புல முடிவு பண்ணிடக் கூடாது. முதல்ல புட் வால்வைப் பாக்கணும், சல்லடையில பாசி, பாலிதீன் ஏதாவது அடைச்சிருக்கும். ரெண்டாவது, உறிஞ்சுற குழாய் மூட்டுல காத்து இழுக்குதா. மூணாவது, மோட்டார் திருப்பிச் சுத்துதா. இது பட்டணத்துக்காரங்களுக்கு வேடிக்கையா இருக்கும். லைன்ல வேலை பாத்துட்டு ரெண்டு பேஸை மாத்திக் குடுத்துட்டாங்கன்னா மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தும். அப்பவும் கொஞ்சம் தண்ணி வரும், அதனால நாம கண்டுபிடிக்க மாட்டோம், கிணத்தைத் திட்டிக்கிட்டு இருப்போம். இது மூணும் சரியா இருந்து, வோல்டேஜும் எப்பவும் போல இருந்து, மோட்டார் இழுக்குற ஆம்ப்ஸ் முன்னைவிடக் குறைஞ்சும் தண்ணி குறைஞ்சும் இருந்தா, சக்கரம் தேஞ்சிருக்குன்னு சந்தேகப்படலாம்.

தேய்மானத்துக்குக் காரணம் ரெண்டு. ஒண்ணு மணல். கோடையில கிணத்து அடித்தண்ணியை உறிஞ்சும்போது நொரம்பு மண்ணும் சேர்ந்து வரும், அது உப்புத்தாள் மாதிரி தகட்டைத் தேய்க்கும். இன்னொண்ணு காத்துக்குமிழி. மேடையில இருந்து தண்ணி ரொம்பக் கீழே போயிட்டா, உறிஞ்சுற இடத்துல அழுத்தம் குறைஞ்சு, தண்ணி சூடாகாமலே ஆவிக் குமிழியாகும். அந்தக் குமிழி சக்கரத்துக்குள்ள போய் உடையும்போது இரும்பையே துளித்துளியாப் பேத்து எடுத்துடும். பம்புக்குள்ள ஜல்லி ஓடுற மாதிரி சத்தம் கேட்டா அதுதான். காத்தோட அழுத்தம் தண்ணியைத் தாங்குறதே கணக்குப்படி 34 அடி உசரம்தான். நடைமுறையில இருபது, இருபத்தஞ்சடிக்கு மேல உறிஞ்ச வைக்கக் கூடாது. அதுக்கு மேல போனா மோட்டாரைக் கீழ் மேடைக்கு இறக்கணும். எந்தக் கம்பெனி இம்பெல்லர் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

நான் கழட்டிப் பாத்தப்ப தகடு ஓரமெல்லாம் எலி கடிச்ச மாதிரி இருந்துச்சு. அதை ஒரு சாக்குப் பையில போட்டுக்கிட்டு டவுனுக்குப் போனேன். கடை பேர் வேண்டாம், எல்லாக் கடையிலயும் இதே பேச்சுதான். மூணு வழி சொன்னாங்க. ஒண்ணு, விலை மூணுல ஒரு பங்குக்கு ஒரு டூப்ளிகேட். ரெண்டு, "இதைவிட ஒரு சைஸ் பெருசு இருக்குண்ணே, லேசா உள்ளே கடைஞ்சா உக்காந்துடும், தண்ணி பிச்சுக்கிட்டு வரும்." மூணு, "எதுக்குண்ணே இந்தப் பழசோட மல்லுக்கட்டிக்கிட்டு, ஏழரை எச்.பி. புதுசு போட்டுடுங்க."

இந்த ரெண்டாவது வழியைப் பத்திக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாக்கலாம். பம்பு படிச்ச எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்குதான் இது. சக்கரத்தோட விட்டம் 150 மில்லி. அதை 165 ஆக்குனா நூத்துக்குப் பத்து பெருசு. வேகம் அதேதான், நிமிஷத்துக்கு 2880 சுற்று. இப்ப தண்ணி ஏறக்குறைய பத்துக்குப் பதினொண்ணு வரும். தூக்குற உசரம் விட்டத்தோட வர்க்கமா ஏறும், அதாவது நூத்துக்கு 21 கூட. மோட்டார் மேல விழுற சுமை விட்டத்தோட கனமா ஏறும், நூத்துக்கு 33 கூட. அஞ்சு எச்.பி. மோட்டார் தலையில ஆறரை எச்.பி.க்கு மேல ஏத்துறோம். ஒரு குடம் தண்ணி கூட வேணும்னு கேட்டதுக்கு மூணு குடம் பாரம்.

அதுவும் எந்த மோட்டார் மேல? பழைய காயில், டிரான்ஸ்பார்மருக்குக் கடைக்கோடி கிணறு. 415 வோல்ட் வர வேண்டிய இடத்துல கோடையில 350 தான் வரும். மோட்டாரோட முறுக்குத் திறன் வோல்டேஜோட வர்க்கத்துல இறங்கும். 350 வோல்ட்ல அது நூத்துக்கு எழுபத்தொண்ணுதான். அதே வேலையைச் செய்ய ஆம்ப்ஸை அதிகமா இழுக்கும், காயில் கொதிக்கும். பாதித் தெம்புல இருக்குற மாட்டுக்கு பெரிய சாலைக் கட்டுறோம்னு சொன்னேன் பாருங்க, இதைத்தான்.

எங்க பக்கத்துல ஒருத்தர் இப்படித்தான் பெருசைப் போட்டார். முதல் வாரம் மடையில தண்ணி பொங்குச்சி, ஊரே வந்து பாத்துச்சி. ரெண்டாவது வாரத்துல ஓவர்லோட் ரிலே அடிக்கடி விழ ஆரம்பிச்சது. ரிலேங்கிறது காவல்காரன். ஆம்ப்ஸ் அளவு மீறுனா கரண்டை அறுத்து மோட்டாரைக் காப்பாத்துறது அதோட வேலை. அவர் என்ன செஞ்சார்னா, ரிலே முள்ளைத் திருகி மேல ஏத்தி வெச்சுட்டார். காவல்காரனைத் தூங்க வெச்சாச்சு. வைகாசியில, கரும்பு தண்ணிக்கு அலையுற நேரத்துல, காயில் கருகிப் போச்சு. காயில் கட்டிக்கிட்டு வர எட்டு நாள். அந்த எட்டு நாள் வெயில்ல கரும்பு சுருண்டதை எந்த இம்பெல்லரும் நிமித்தலை. எங்க ஊர்ல மட்டும் இல்ல, ரிலே முள்ளை ஏத்தி வெச்ச ஸ்டார்ட்டரை எந்த ஊர் மோட்டார் கொட்டாய்லயும் பாக்கலாம்.

இந்த விஷயத்துல எனக்குக் கண்ணைத் தொறந்து விட்டது கடலூர். கல்வராயன் மலையில கரியாலூர்ல படகு இருக்கு, ஆனா அது காலால மிதிக்கிற படகு. மோட்டார் படகு பாக்கணும்னா நாங்க கடற்கரைக்குத்தான் போகணும். என் தங்கச்சியைக் கடலூர்ல குடுத்திருக்கு. மாப்பிள்ளை துறைமுகத்துப் பக்கம் லேத் பட்டறை வெச்சிருக்கார். 2004 சுனாமிக்கு அப்புறம் அந்தக் கரையில ஃபைபர் படகும் அதுக்குப் பின்னாடி மாட்டுற மோட்டாரும் நெறைய வந்துச்சி. அந்த மோட்டாருங்களுக்கும் இப்ப வயசாகுது. பட்டறைக்கு விசிறி மாத்த வர்றவங்களை உக்காந்து பாத்தேன். நம்ம இம்பெல்லர் கதைக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

படகு விசிறியோட நடுக்குடத்துல ரெண்டு எண் பொறிச்சிருக்கு. ஒன்பதே கால், பத்துன்னு வெச்சுக்குங்க. முதல் எண் விட்டம், அங்குலத்துல. ரெண்டாவது எண் புரி. மரத்துல ஸ்க்ரூ ஏறுற மாதிரி, ஒரு சுத்துக்கு அந்த விசிறி எத்தனை அங்குலம் முன்னே போகணும்ங்கிற கணக்கு. மோட்டார் செஞ்ச கம்பெனி, முழு வேகத்துல நிமிஷத்துக்கு இத்தனை சுத்துல இருந்து இத்தனை சுத்துக்குள்ள ஓடணும்னு எழுதிக் குடுத்திருக்கும். மீனவர் என்ன செய்யணும்? வழக்கமா ஏத்துற வலையையும் ஆளையும் ஏத்திக்கிட்டு முழு வேகத்துல ஓட்டி, சுத்தை அளக்கணும். அந்த அளவை எட்டலைன்னா புரி குறைஞ்ச விசிறி போடணும். அளவைத் தாண்டுனா புரி கூடுனது போடணும். ஒரு அங்குலப் புரி மாத்துனா ஏறக்குறைய 150-ல இருந்து 200 சுத்து வரைக்கும் மாறும்.

"பழசுன்னா என்ன செய்வீங்க மாப்பிள்ளை?"ன்னு கேட்டேன்.

"எஞ்சின்ல பழைய அழுத்தம் இருக்காது மச்சான். புதுசுல போட்ட அதே புரியைப் போட்டா மூச்சு வாங்கும். ஒரு இஞ்சு குறைச்சுப் போடச் சொல்லுவேன். கரைக்கு வர கொஞ்சம் நேரமாகும், ஆனா வந்துடும்"னார்.

நடுக்கடல்ல எஞ்சின் நின்னா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியும். அதனால எண்ணைப் பாத்து வாங்குறாங்க. நாம கரையில இருக்கோம், மோட்டார் நின்னா உயிர் போகாது, பயிர்தான் போகும். அதனாலயோ என்னமோ நமக்கு அந்த எண் தேவைன்னு யாருக்கும் தோணலை.

இன்னொண்ணும் அங்கே கத்துக்கிட்டேன். விசிறி அலுமினியத்துல வரும், எஃகுலயும் வரும். எஃகு உறுதி. ஆனா அடியில பாறையில மோதுனா எஃகு விசிறி வளையாது, அந்த அதிர்ச்சி உள்ளே இருக்குற பல்சக்கரத்துக்குப் போகும். அலுமினியம் வளைஞ்சு தன்னைக் கெடுத்துக்கிட்டு பல்சக்கரத்தைக் காப்பாத்தும். சின்ன மோட்டார்கள்ல இதுக்குன்னே ஒரு ஊசி இருக்கு, மோதுனா அது முதல்ல ஒடியும். கெட்டியான சாமான் வாங்குறதுக்கு முன்னாடி, ஒரு நாள் ஏதாவது உடையும்னா எது முதல்ல உடையணும்னு யோசிக்கணும். விலை குறைஞ்சது உடைஞ்சா விலை கூடுனது பிழைக்கும். நம்ம ரிலேயும் அந்த ஊசி மாதிரிதான்.

இப்ப நம்ம இம்பெல்லருக்கு வருவோம். கடையில கூடையில குவிஞ்சு கெடக்குற உதிரி இம்பெல்லரை எடுத்துப் பாருங்க. வார்ப்புல ஏதோ ஒரு நம்பர் இருக்கும், அது செஞ்சவனுக்குத்தான் புரியும். விட்டம் என்ன, ஓரத்துல தண்ணி வெளிய வர்ற வாய் எத்தனை மில்லி, எத்தனை எச்.பி.க்கு, எத்தனை மீட்டர் உசரத்துக்கு, ஒண்ணும் இருக்காது. முழு பம்புன்னா கதை வேற. மோனோபிளாக்குக்கு ஐ.எஸ். 9079, ஆழ்குழாய் நீர்மூழ்கிக்கு ஐ.எஸ். 8034ன்னு தர அளவு இருக்கு, பெயர்ப் பலகையில எல்லாம் எழுதியிருக்கும். ஆனா அந்த பம்புக்குள்ள அளவு தெரியாத ஒரு சக்கரத்தை மாட்டுன நிமிஷமே அந்தப் பெயர்ப் பலகை பொய்யாயிடுது. ஒரு தீப்பெட்டியில எத்தனை குச்சின்னு போட்டிருக்கான். ஒரு விவசாயியோட ஒரு வருஷப் பாட்டைத் தூக்கி நிறுத்துற சக்கரத்துல ஒண்ணும் போடலை. தனியா விக்கிற ஒவ்வொரு இம்பெல்லர்லயும் படகு விசிறி மாதிரி அளவைப் பொறிக்கணும்னு கட்டாயமாக்கணும். இதுக்குப் பெரிய செலவு இல்லை, வார்ப்பு அச்சுல நாலு எழுத்து.

அது வர்ற வரைக்கும் நம்ம கையில இருக்குற வழியைச் சொல்றேன். பழைய சக்கரம் இல்லாம கடைக்குப் போகாதீங்க. தேஞ்ச சக்கரத்துல விட்டம் குறைஞ்சிருக்கும், அதனால பம்பு மாடல் நம்பரைச் சொல்லி கம்பெனியோட அசல் அளவையும் கேளுங்க. விட்டம், ஓர வாய் அகலம், நடுக்கண், சாப்ட் துளை, சாவிப் பள்ளம், இந்த அஞ்சும் அளந்து ஒத்துப் போகணும். தகடு வளைஞ்சிருக்குற திசையும் ஒண்ணா இருக்கணும். சாப்டுல மாட்டிச் சுத்தி விட்டா ஆட்டம் இருக்கக் கூடாது. டூப்ளிகேட்டுல பெரும்பாலும் இங்கேதான் மாட்டுவோம். ஒரு பக்கம் கனமா இருக்கும், ஆறு மாசத்துல பேரிங்கைத் தின்னுடும். சக்கரம் மாத்தும்போதே தேய்மான வளையத்தையும் பாக்கணும். அந்த இடுக்கு அகலமா இருந்தா மேல போன தண்ணி திரும்ப உள்ளேயே ஒழுகும், புதுச் சக்கரம் போட்டும் பலன் இல்லை.

இரும்பா, வெண்கலமா, பிளாஸ்டிக்கா? எங்க கிணறு மாதிரி உப்பு அதிகம் இல்லாத தண்ணிக்கு, வருஷம் பூரா ஓடுற மோனோபிளாக்குக்கு, வார்ப்பிரும்பு போதும். உப்புத் தண்ணியா இருந்தா, மோட்டார் மாசக்கணக்குல சும்மா கெடக்கும்னா, வெண்கலம் துரு பிடிக்காது, விலை கூடும். நீர்மூழ்கி மோட்டாருங்கள்ல பிளாஸ்டிக் நெறைய வருது. லேசா இருக்கும், ஆனா மணல் வர்ற போர்ல சீக்கிரம் தேயும்.

அளவு விஷயத்துல ஒரு நல்ல செய்தி. இம்பெல்லரை லேத்துல கடைஞ்சு விட்டத்தைக் குறைக்கலாம், கூட்டத்தான் முடியாது. நான் செஞ்சது இதுதான். முதல்ல சித்திரை வெயில்ல கயித்துல கல்லைக் கட்டி விட்டுத் தண்ணி மட்டத்தை அளந்தேன். தரையில இருந்து அம்பதடி. தொட்டி உசரம், குழாய் வளைவு, உராய்வு எல்லாம் சேத்தா அறுபதடி, கிட்டத்தட்ட 18 மீட்டர். பெயர்ப் பலகை சொல்ற உசரம் அதைவிடக் கூடவே இருந்துச்சி. அப்புறம் கம்பெனி அசல் இம்பெல்லர், அதே 150 மில்லி, வார்ப்பிரும்பு வாங்கி, 145-க்குக் கடையச் சொன்னேன். தூக்குற உசரம் நூத்துக்கு ஆறோ ஏழோதான் குறையும், அந்த அளவுக்கு இடம் இருந்துச்சி. சுமை நூத்துக்குப் பத்து குறையும். காயில் கட்டுற தம்பி, "மாமா, எல்லாரும் பெருசு கேப்பாங்க, நீங்க என்ன சின்னது கேக்குறீங்க"ன்னு சிரிச்சான். இப்ப ஒரு ஏக்கர் அஞ்சேமுக்கால் மணி நேரத்துல பாயுது. பெயர்ப் பலகையில 7.5 ஆம்ப்ஸ்னு இருக்கு, குறைஞ்ச வோல்டேஜ்லயும் அதுக்குள்ளதான் நிக்குது. ஓடி முடிஞ்ச மோட்டார் மேல கையை வெச்சா வெக்க முடியுது.

எல்லாருக்கும் சின்னதுதான் சரின்னு சொல்ல வரலை. பத்து சதம் விட்டம் குறைச்சா தூக்குற உசரம் நூத்துக்கு எண்பத்தொண்ணா இறங்கிடும். கிணறு கீழே போனவங்க அப்படிக் குறைச்சா தண்ணி பாதிக் குழாய்ல நின்னுடும். முந்நூறடி போர்ல இருந்து எடுக்குறவங்களுக்கு இது வேற கணக்கு. அங்கே சக்கரம் ஒண்ணு இல்ல, அடுக்கடுக்கா பத்து, பதினஞ்சு இருக்கும். உசரத்துக்கு ஏத்த அடுக்கைத் தேர்ந்தெடுக்கணும். அங்கேயும் "எதுக்கும் இருக்கட்டும்"னு அடுக்கைக் கூட்டி வாங்குறதுதான் வழக்கமா இருக்கு. அது ஏன் தப்புன்னா, உசரமாத் தூக்குற பம்பைக் குறைஞ்ச ஆழத்துல ஓட்டுனா, தண்ணி அளவுக்கு மீறிப் பாய்ஞ்சு ஆம்ப்ஸ் ஏறும். ஐப்பசி, கார்த்திகையில கிணறு நெறைஞ்சா மோட்டாருக்கு வேலை குறையும்னுதான் எல்லாரும் நெனைக்கிறாங்க. மீட்டரை வெச்சுப் பாருங்க, பெரும்பாலும் அப்பதான் கூட இழுக்கும். வெளிய போற வால்வைக் கொஞ்சம் மூடி வெச்சா இறங்கிடும்.

இதைப் படிக்கிறவங்கள்ல ஒருத்தர், "இலவச கரண்ட்தானே, எவ்வளவு இழுத்தா உங்களுக்கென்ன"ன்னு கேப்பார், எப்பவும் கேக்குறதுதான். அந்த இலவசம் சும்மா வரலைங்க. மின்கட்டணம் யூனிட்டுக்கு ஒரு பைசா ஏறுனதை எதிர்த்து 1970-ல பெருமாநல்லூர்ல நின்ன விவசாயிங்க மேல துப்பாக்கிச் சூடு நடந்து மூணு பேர் செத்தாங்க. நாராயணசாமி நாயுடு மாதிரி ஆளுங்க ஊர் ஊராப் போய் சங்கம் கட்டுனாங்க. 1990-ல எல்லா விவசாயிக்கும் கட்டணம் இல்லாம ஆச்சு. அந்த உரிமையை விட்டுக் குடுக்க நான் தயாரா இல்லை. ஆனா மீட்டர் இல்லாததால எவ்வளவு வீணாகுதுங்கிறது நம்ம கண்ணுக்குத் தெரியாமப் போயிடுச்சி. பில்லு வராம இல்ல, வேற பேர்ல வருது. கருகுன காயிலா வருது. வெடிச்ச டிரான்ஸ்பார்மரா வருது. நான் பெரிய சக்கரம் மாட்டுனா, அதே லைன்ல கடைசியில இருக்குற என் பங்காளிக்கு வோல்டேஜ் விழும். அவர் மோட்டார் ஸ்டார்ட் ஆகலைன்னு அவரும் பெருசு வாங்குவார். அப்புறம் எனக்கு விழும்.

கிணத்துக்கும் இதே நியாயம்தான். எங்க கள்ளக்குறிச்சிப் பக்கம் அடியில கெட்டிப் பாறை. கல்வராயன் மலை மழை கோமுகியில இறங்கி, 46 அடி அணை நெறைஞ்சு, வாய்க்கால், ஏரின்னு ஊறிப் பாறை இடுக்கு வழியாத்தான் கிணத்துக்கு வருது. அது ஊறுற வேகம் அதோட இஷ்டம். ஏழரை எச்.பி. போட்டு ரெண்டு மணி நேரத்துல கிணத்தைத் துடைச்சு எடுத்துட்டா, மிச்ச நேரம் கரண்ட் இருந்தும் தண்ணி இருக்காது. அடி மணலைத்தான் இழுப்போம், புதுச் சக்கரமும் தேயும். ஊறுற வேகத்துக்குக் கிட்டத்துல எடுத்தா அதே கிணறு நாள் பூரா குடுக்கும்.

வேளாண்மைப் பொறியியல் துறை பழைய மோட்டாரை மாத்த மானியம் குடுக்குது, சூரிய மோட்டாருக்கும் குடுக்குது. நல்லதுதான், மாத்த வேண்டிய மோட்டார் நெறைய இருக்கு. ஆனா மாத்துறதுக்கு முன்னாடி அளந்து பாக்க ஒரு ஆள் வேணும். ஒன்றியத்துக்கு ஒருத்தர், கையில கிளாம்ப் மீட்டரும் அளவு நாடாவும். கிணத்துல தண்ணி மட்டம், மோட்டார் இழுக்குற ஆம்ப்ஸ், வர்ற வோல்டேஜ், சக்கரத்தோட விட்டம், நாலையும் ஒரு அட்டையில எழுதிக் குடுத்துட்டுப் போகட்டும். மண்ணுக்கு அட்டை குடுக்குற மாதிரி பம்புக்கு ஒரு அட்டை. பாதிப் பேருக்குப் புது மோட்டாரே வேணாம், ஒரு சக்கரமும் ஒரு வளையமும் போதும்னு அதுல தெரிஞ்சு போகும்.

பட்டணத்துப் பிள்ளைங்ககிட்ட நான் கேக்குறது சின்ன விஷயம். அடுத்த தடவை அப்பா "தண்ணி கம்மியா வருது"ன்னு சொன்னா, பணம் அனுப்புறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. பெயர்ப் பலகையில ஆம்ப்ஸ் எவ்வளவுப்பா? இப்ப எவ்வளவு இழுக்குது? கிணத்துல தண்ணி எத்தனை அடியில இருக்கு? பதில் வரலைன்னா ஏழரை எச்.பி.க்குப் பணம் அனுப்பாதீங்க. ஒரு கிளாம்ப் மீட்டர் வாங்கி அனுப்புங்க. அதை எப்படிப் பிடிக்கிறதுன்னு ஊருக்கு வரும்போது பக்கத்துல நின்னு காட்டிக் குடுங்க.